திருக்கோவிலூர் சென்ற நோட்டுப் புத்தகமும் எண்களின் இனமும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர்க் கற்களை நோக்குவோம். திண்டிவனத்தைச் சுழி எனக் கொண்டால் 1, 2, 3 என வரும் கற்கள் முழு எண்கள். எதிர்த்திசையில், செங்கற்பட்டை நோக்கி எண்ணினால் அவை குறை முழு எண்கள். இடையே 200 மீட்டருக்கு ஒன்றாக நடப்படும் சிறு கற்கள் 1/5, 2/5 போன்ற பின்னங்களாகும். முழு எண்களும் பின்னங்களும் சேர்ந்தவையே விகிதமுறு எண்கள். எவ்வளவு நெருக்கமாகக் கல் நட்டாலும் பின்னங்களுக்கு அகப்படாத புள்ளிகள் அச்சாலையில் உண்டு. 1 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தைத் திண்டிவனத்திலிருந்து சாலையின்மேல் கிடத்தினால், அதன் முனை 1400 மீட்டர்க் கல்லைச் சற்றே தாண்டி விழும். அந்த √2 ஐ எந்தப் பின்னத்தாலும் குறிக்க இயலாது. இத்தகையவை விகிதமுறா எண்கள். இரு வகையும் சேர்ந்து மெய்யெண்கள் ஆகின்றன.

இவ்வளவும் உயர்நிலைப் பள்ளி மாணவர் அறிந்ததே. ஆனால் ஓர் எண்ணைக் கொடுத்து, இது எந்த இனம் என்று கேட்டால் விடை எப்போதும் எளிதில் கிடைப்பதில்லை. பார்வைக்கு ஒன்றாகவும் உண்மையில் வேறாகவும் இருக்கும் எண்கள் பல. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். விழுப்புரத்தை அடைந்து மேற்கே திரும்பினால் போதும்.

1910 ஆம் ஆண்டில் கும்பகோணத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் விழுப்புரம் சந்திப்பில் இறங்கி, திருக்கோவிலூருக்கு வண்டி மாறினார். கல்லூரித் தேர்வில் தேறாதவர், மணமாகி ஓராண்டு ஆகியிருந்தது, வருவாய் ஏதுமில்லை. அவர் கையில் இருந்த ஒரே தகுதிச் சான்று ஒரு கணக்கு நோட்டுதான். அவர்தாம் சீனிவாச இராமானுஜன். அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. அங்கே துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். இராமானுஜன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. நோட்டைப் புரட்டிய ஐயர் அதைத் தரவில்லை. இத்தகைய மேதையை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் போட்டு அமுக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். வேலை கேட்டு வந்தவருக்கு வேலை கொடுக்காததே பேருதவியாக முடிந்தது இங்குதான் போலும்!

மறு ஆண்டே, 1911 இல், கழகத்தின் இதழில் இராமானுஜன் வாசகருக்கு ஒரு வினா விடுத்தார். 1 உடன், 2 மடங்கு ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டி, அதன் வர்க்கமூலம் காண்க. உள்ளே இருக்கும் மூலத்தில் 1 உடன் 3 மடங்கு இன்னொரு மூலம். அதற்குள் 4 மடங்கு. இவ்வாறு முடிவின்றிச் செல்லும் கோவையின் மதிப்பு என்ன? முதல் மூலத்தோடு நிறுத்தினால் √3 கிடைக்கும். இன்னொரு படி உள்ளே சென்றால் √5. இரண்டும் விகிதமுறா எண்கள். அடுத்த படிகளில் ஏறத்தாழ 2.56, 2.76 என வருகின்றன. ஆகவே முழுக் கோவையும் விகிதமுறா எண்ணாகவே இருக்கும் என்று எவரும் நினைப்பர். இதழின் வாசகர் எவரிடமிருந்தும் விடை வராததால் இராமானுஜனே அதனை வெளியிட்டார். விடை 3! வழியும் எளியதே. 3 என்பது √9. 9 ஐ 1 + 2 × 4 என எழுதலாம். 4 என்பது √16; 16 = 1 + 3 × 5. 5 என்பது √25; 25 = 1 + 4 × 6. இப்படியே உள்ளே செல்லலாம். மூலக்குறிகளின் காட்டுக்குள் ஒரு முழு எண் ஒளிந்திருந்தது.

அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் கட்டுரை பெர்னூலி எண்களைப் பற்றியது. 1/6, 1/30, 1/42 எனச் செல்லும் இவை யாவும் விகிதமுறு எண்கள். ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால், தொகுதி பகா எண்ணாக வரும் என்று அவர் அதில் கூறியிருந்தார். 12 ஆம் எண்ணுக்கு 691 வருகிறது, பகா எண்தான். 18 வரை தொகுதி 1 அல்லது பகா எண்ணாகவே உள்ளது. 20 ஆம் எண்ணிலோ அது 174611; அதாவது 283 × 617. இராமானுஜனின் கண்ணையே ஏமாற்றிய எண் இது.

1914 இல், இங்கிலாந்து சென்ற பின், பை மதிப்பைக் காணும் முறைகள் குறித்து எழுதிய கட்டுரையில் இதற்கு நேர்மாறான ஒரு வியப்பு உள்ளது. இயல் மடக்கையின் அடிமானமான 2.71828... என்னும் எண்ணை, பை × √58 என்னும் அடுக்குக்கு உயர்த்தினால் 24591257751.99999982... கிடைக்கிறது. தசமப்புள்ளிக்குப் பின் ஆறு ஒன்பதுகள்! ஆறு தசம இடங்களுக்குத் திருத்தமாகக் கணக்கிடுவோர் இதனை 24591257752 என்றே எழுதிவிடுவர். ஆனால் இது முழு எண் அன்று, பின்னமும் அன்று. இராமானுஜன் மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பின், 1934 இல், கெல்ஃபாண்டும் ஷ்னைடரும் தனித்தனியே நிறுவிய தேற்றத்தால், இவ்வெண் விகிதமுறா எண் என்பது ஐயமறத் தெளிவாயிற்று. முழு எண் கெழுக்கள் கொண்ட எந்த இயற்கணிதச் சமன்பாட்டுக்கும் இது மூலமாக இராது என்பதும் அதே தேற்றத்தின் விளைவே.

இனம் தெரியாமலே நிற்கும் எண்ணும் ஒன்றுண்டு. 1 + 1/2 + 1/3 என்று ஏதேனும் ஓர் எண் வரை தலைகீழ்களைக் கூட்டி, அவ்வெண்ணின் இயல் மடக்கையைக் கழித்துக்கொண்டே போனால், மீதி 0.5772... என்னும் எண்ணை நெருங்கும். இது ஆய்லர் மாறிலி. 1917 இல் இராமானுஜன் இதற்கு ஒரு தொடர் கண்டு தனிக் கட்டுரையே வெளியிட்டார். ஆயினும் இது விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. ஒருவேளை பின்னமாக இருக்குமாயின், அதன் பகுதியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் கணக்கிட்டுக் காட்டப்பட்டுள்ளது.