வாசிக்கத் தெரிந்தால்தான் வேதம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்கும் வில்லியம் ஓல்டின் சிலையை எங்கட ஊர் ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். மெதடிஸ்த மிஷனரியான அவர் இங்கு வந்தது 1814இல். அடுத்த வருசமே இறந்துபோனார். அந்தக் கொஞ்சக் காலத்தில் அப்படி என்னதான் செய்தார்?

அவர் வரும்போதே தமிழில் வேதம் இருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கி நூறு வருசம் ஆகியிருந்தது. ஆனால் வாசிக்கத் தெரியாதவருக்கு அச்சுப் புத்தகம் என்ன பேசும்? போதகர் சொல்லக் கேட்டால் மட்டும் போதாது, விசுவாசி தானே வாசித்து வளரவேணும் என்பது புரட்டஸ்தாந்து மரபு. அதனால் ஓல்ட் பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அதன் தொடர்ச்சிதான்.

எழுத்தைக் கொடுத்தால் கேள்வியும் கூடவே வரும். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், பிறகு அச்சையும் உரைநடையையும் சைவத்துக்காகவே பயன்படுத்தினார். அது வேதத்தின் தோல்வியா? எனக்கு அப்படித் தெரியல்ல.

என் அம்மம்மா, விளங்காத வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போடுவா. அடுத்த கிழமை திரும்பவும் அதுக்கே வருவா. மனப்பாடம் செய்த வசனங்களைவிட அந்தக் கோடுகள்தான் அவவின் விசுவாசத்தை வளர்த்தது எண்டு நம்புறன்.