குஞ்சுக்குப் போட்ட புகைக்குழாய்

பெரம்பலூர் வெயிலில் கொட்டகையைச் சூடுபண்ண விறகு எதற்கு என்று கேட்பீர்கள். கறிக்கோழி வளர்க்கிறவனைக் கேளுங்க, சொல்வான். பொரித்து ஒரு நாளான குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராத்திரி ஷெட்டுக்குள் அதில் பத்து டிகிரிக்கு மேல் குறைஞ்சிடும். தாய்க்கோழி இறக்கைக்குள் கிடைக்கிற சூட்டை நாமதான் உண்டாக்கணும். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும்; ஷெட்டு, ஆள், சூடு எல்லாம் நம்ம பொறுப்பு. குஞ்சு செத்தால் நம்ம கூலியில்தான் கை வைப்பார்கள்.

தாயில்லாமல் குஞ்சைக் காப்பது புதுசில்லை. எகிப்தில் சாணக்குவியலில் முட்டையைப் புதைத்துப் பொரிக்க வைத்ததை அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். பின்னாளில் அங்கே பெரிய மண் அடுப்பறைகள் கட்டி, சாணமும் வைக்கோலும் எரித்து, ஆயிரக்கணக்கில் பொரித்தார்கள். வெப்பமானி ஏது? முட்டையைக் கண் இமையில் வைத்துப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்களாம். பிரான்சில் ரெயோமூர் என்ற அறிஞர் அந்த வித்தையைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்து 1749-ல் புத்தகமே போட்டார். அவர் வெப்பமானி செய்த ஆளும்கூட. கண் இமையை நம்ப மனசு வரவில்லைபோல.

எங்கள் பக்கம் முதலில் குண்டு பல்புதான். தகரத்தை வட்டமாக நிறுத்தி, உமி பரப்பி, மேலே பல்பைத் தொங்கவிட்டால் முடிந்தது. 2008-ல் தொடங்கின மின்வெட்டு 2012-ல் ஒரு நாளைக்குப் பாதிக்கும் மேல் கரண்ட் இல்லை என்கிற அளவுக்கு வந்தது. அப்போது எல்லாரும் கரிச்சட்டிக்குப் போனார்கள். பானையில் அடுப்புக்கரியைக் கனலவைத்து நடுவில் வைப்பது. செலவு குறைவு, ஆனால் ஆபத்து. காற்று புகாமல் படுதா இறக்கிய ஷெட்டில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குஞ்சு சோர்ந்து விழும். காவலுக்குப் படுத்திருக்கிற மனுசனும் எழுந்திருக்க மாட்டான். கீழே உமி வேறு, ஒரு பொறி போதும்.

கேஸ் புரூடர் இருக்கிறது. நல்ல சூடு, சுத்தம். சிலிண்டர் விலைக்கு என்னைப் போன்றவனுக்குக் கட்டாது. விறகோ வேலிக்கு வேலி நிற்கிறது, சீமைக்கருவேலம். 2017-ல் அதை வேரோடு பிடுங்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டது. அது இந்தியாவுக்குள் வந்ததே 1870-களில், வறண்ட நிலத்தில் விறகுக்கு ஆகும் என்றுதான். நிலத்துக்குச் சனியன், அடுப்புக்குச் சாமி. நின்று எரியும், கனல் நல்லாக் கட்டும். சித்திரையிலேயே வெட்டிக் காயவைக்கணும். ஈரவிறகு போட்டால் சூட்டைவிடப் புகைதான் அதிகம்.

ஆகவே இரும்பு டிரம் அடுப்பு என்று முடிவு செய்தேன். 200 லிட்டர் டிரம்மைப் படுக்கப்போட்டு, விறகு வைக்கும் வாயைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டேன். புகை, ஷெட்டுக்குள் நீளமாகப் போகும் இரும்புக்குழாய் வழியாக நடந்து, மறுகோடியில் கூரைக்கு மேலே வெளியேறும். சூடு உள்ளே தங்கும், புகை வெளியே போகும். குழாய் கூரையைத் தொடுகிற இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுத் தகடு அடிக்கணும். சூடு சரியா என்று குஞ்சே சொல்லும். குழாயடியில் குவிந்தால் குளிர், தகரத்தோரம் ஒதுங்கினால் அனல், பரவி மேய்ந்தால் சரி.

இந்தப் புகைக்குழாய் யோசனை ஒன்றும் இப்போது வந்ததில்லை. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி.ராஜு 1953-லேயே புகையில்லா மண்ணடுப்பைப் பற்றிக் கையேடு எழுதினார். மத்திய அரசு 1983-ல் மேம்பட்ட அடுப்புத் திட்டம் தொடங்கி, 2002-ல் முடிப்பதற்குள் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல் அடுப்பு வைத்ததாகக் கணக்கு. பல வீட்டில் கொஞ்ச நாளிலேயே பழைய மூணுகல் அடுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அடுப்பு சரியில்லை, பொம்பளைகளுக்குப் பழக்கமில்லை என்று காரணம் சொன்னார்கள். எனக்கு என்னவோ, குழாயில் கரி அடைத்தால் கூரையேறித் தட்ட எந்த ஆம்பளையும் தயாராக இல்லை என்பதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

எங்கள் அம்மா நாற்பது வருசம் ஊதுகுழலோடு அந்தப் புகைக்குள்தான் உட்கார்ந்திருந்தது. அந்த அடுப்படிக்குக் குழாய் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. கோழி ஷெட்டுக்கு மூன்றே நாளில் குழாய் ஏறிவிட்டது. செத்த குஞ்சுக்குக் கம்பெனி கணக்குப் பார்க்கும், இருமலுக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்?

டிரம் வெல்டிங் ஆன அன்றைக்கு அம்மா வந்து சுற்றிப் பார்த்தது. மிச்சம் கிடந்த ஆறடிக் குழாயை வெந்நீர் அடுப்புக்குக் கேட்டது. வைத்துக் கொடுத்தேன். புதுக் குஞ்சு இறங்குவதற்கு முந்தின நாள் ஷெட்டுக் குழாயைக் கழற்றிக் கரி தட்டும்போது அதையும் சேர்த்துத் தட்டிவிடுகிறேன்.