எரிந்த காமனை எழுப்பாமல் விடலாமா?

இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களில் காமன்கூத்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அங்கே பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. மாசியில் கம்பம் நட்டதும் கூத்து தொடங்கிவிடும். ரதியாக வருபவரும் ஆண்தான். விரதம் இருந்துதான் ஆடுவார்கள். தப்பு முன்னே போக, கூத்து லயம் லயமாக வரும். வீரபத்திரனைக் கண்டால் பிள்ளைகள் உள்ளே ஓடிவிடுவார்கள். பௌர்ணமியை ஒட்டி, சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான். ரதியின் ஒப்பாரிக்குத் தோட்டமே அழும். பிறகு மன்மதன் உயிர்பெற்று எழுந்தால்தான் கூத்து முடிந்தது என்று அர்த்தம்.

காமன் எரிந்தானா இல்லையா என்பது பழைய சண்டை. தமிழ்நாட்டு லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடியப் பாடி வாதாடுவார்கள். நான் பார்த்த சண்டை வேறு.

சில வருடங்களுக்கு முன் நகர மண்டபம் ஒன்றில் இந்தக் கூத்தை முக்கால் மணித்தியாலமாகச் சுருக்கி மேடையேற்றினார்கள். பெரியம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். காமன் எரிந்ததும் விளக்கை அணைத்துவிட்டார்கள். முன்வரிசை கைதட்டியது. பின்னால் இருந்த தோட்டத்துச் சனம் எழும்பவே இல்லை.

"எழுப்பாமப் போறீங்களே, ஊருக்கு ஆகாதுப்பா" என்று ஒரு பாட்டி சத்தம் போட்டார். இது கலை நிகழ்ச்சி, சடங்கு இல்லை என்றார் ஏற்பாட்டாளர். அதற்குப் பிறகு சத்தம் இன்னும் கூடியது.

பெரியம்மா வாய் திறக்கவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, லயம் எரிவதைப் பார்த்துவிட்டு வவுனியாவுக்கு ஓடியவர் அவர். "எரியிறத மட்டும் பாக்கவா என்னைய இவ்வளவு தூரம் கூட்டியாந்த?" என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 1976இல் வாக்னரின் 'ரிங்' இசைநாடகத்தை பத்ரீஸ் ஷெரோ தொழிற்புரட்சிக் காலத்துக்கு மாற்றி, ரைன் நதிக்கு அணை கட்டி மேடையேற்றினார். சனம் விசில் அடித்து, கூச்சல் போட்டது. 1980இல் அதே தயாரிப்பின் கடைசி நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கைதட்டினார்கள். பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஆனால் ஷெரோ மாற்றியது காலத்தையும் உடையையும். கதையின் முடிவை அவர் வெட்டவில்லை.

மேடைக்கு நான் எதிரி இல்லை. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு மாசியில் அத்தனை நாள் லீவு கிடைக்காது. மூன்று மணித்தியாலத்தை ஒன்றாக்குங்கள், மைக் வையுங்கள். எழுப்புவதை மட்டும் வெட்டாதீர்கள்.

அன்று கடைசியில் தப்படித்தவர்களில் இரண்டு பேர் மண்டப வாசலுக்கு வந்து, எழுப்பும் அடியை அடித்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகுதான் சனம் பஸ் ஏறியது.