பரண் மேல் இருந்த சோவியத் யூனியன்

நான் வேலை பார்க்கும் அமெரிக்க ஊரில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. சனிக்கிழமைகளில் மகளை அதன் நூலகத்தில் விட்டுவிட்டு அறிவிப்புப் பலகையை மேய்வது என் வழக்கம். சமீபத்தில் ஒரு தாள் கண்ணில் பட்டது. கம்யூனிசத்துக்குப் பிந்தைய நாடுகளைப் பற்றி ஆராய்ச்சி மாணவர்கள் எழுதும் சிறந்த கட்டுரைக்குப் பரிசாம். படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது மாஸ்கோ அல்ல, பங்காருபாளையம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தத் துறையின் கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் நாட்டை அறிந்த ஆட்கள் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டார்கள். 1946-ல் கொலம்பியாவிலும் 1948-ல் ஹார்வர்டிலும் ரஷ்ய ஆய்வு மையங்கள் தொடங்கின. 1957-ல் ஸ்புட்னிக் பறந்தது. மறு வருடமே அந்நிய மொழிகள் படிப்பதற்கும் பணம் ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1965-ல் டெல்லியில் ரஷ்யப் படிப்புக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

1991 டிசம்பரில் இவர்கள் படித்துக்கொண்டிருந்த நாடே இல்லாமல் போனது! நிபுணர்களில் மிகச் சிலரே அதை எதிர்பார்த்திருந்தார்கள். ஏன் தவறினார்கள் என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஒரு குற்றச்சாட்டு எனக்குச் சரியாகப் படுகிறது. கிரெம்ளின் மேடையில் யார் பக்கத்தில் யார் நின்றார் என்று கவனித்தவர்கள், கடை வரிசையில் நின்றவர்களைப் போதுமான அளவு கவனிக்கவில்லை.

பிறகு பெயர்ப்பலகை மாற்றும் படலம். கிளாஸ்கோவிலிருந்து 1949 முதல் வந்த 'சோவியத் ஸ்டடீஸ்' 1993-ல் 'யூரோப்-ஏசியா ஸ்டடீஸ்' ஆனது. அதே வருடம் இன்னொரு பத்திரிகை 'கம்யூனிஸ்ட் அண்ட் போஸ்ட்-கம்யூனிஸ்ட் ஸ்டடீஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. பரிசு அறிவிப்பில் இருந்த துறையின் பெயர் இப்படி வந்ததுதான்.

இனி எங்கள் ஊர். சித்தூரிலிருந்து பலமநேர் போகும் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது பங்காருபாளையம். வட ஆற்காட்டின் ஒரு பகுதியும் கடப்பையின் ஒரு பகுதியும் சேர்ந்து 1911-ல் உண்டானது சித்தூர் மாவட்டம். அதனால் கடைத்தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்பது எங்களுக்குச் சகஜம். அப்பாவின் தகரப் பெட்டியில் கார்க்கியின் 'தாய்' இரண்டு மொழியிலும் இருந்தது. தெலுங்குப் புத்தகம் விசாலாந்திராவில் வாங்கியது. ரகுநாதனின் தமிழ் மொழிபெயர்ப்பு சென்னை நியூ செஞ்சுரியில் வாங்கியது. கூடவே பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்', பூ. சோமசுந்தரம் தமிழாக்கிய 'உண்மை மனிதனின் கதை'. சோமசுந்தரம் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தவர். கெட்டி அட்டை, நல்ல தாள், வாத்தியார் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் விலை.

அதற்குப் பின்னால் அரசியல் இருந்தது, மறுக்கவில்லை. சோவியத் நாடு நேரு விருது என்று அந்தக் காலத்தில் ஒரு பரிசும் இருந்தது. ரகுநாதனும் ஜெயகாந்தனும் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பரிசு நட்பை வளர்க்க வந்தது. நான் பார்த்த பரிசு, நட்பு முடிந்த பிறகு கேள்வி கேட்க வந்தது. ஆனால் பங்காருபாளையத்து வாசகரிடம் இரண்டுமே எதுவும் கேட்கவில்லை.

1991-க்குப் பிறகு ஒருநாள் அப்பா சித்தூர் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். "இனிமே வராதாம்" என்றார். எங்கள் வீட்டில் சோவியத் யூனியன் விழுந்தது அன்றைக்குத்தான்.

அப்பா போன பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அம்மா போனில் கேட்டாள், "பரண்ல இருக்கற பொட்டியை என்னடா பண்றது?" நான் அவசரத்தில் இருந்தேன். "பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடும்மா" என்றேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் வாங்கிய தேதி, இடம், விலை, யாருக்கு இரவல் கொடுத்தது என்று அப்பா எழுதிவைப்பார். ஒரு சிற்றூரில் ஒரு சோவியத் புத்தகம் எத்தனை கை மாறியது என்பதற்கான சாட்சி அது. கிலோ கணக்கில் எடைக்குப் போய்விட்டது.

1950 முதல் 1953 வரை ஹார்வர்டு ஆய்வாளர்கள், சோவியத்திலிருந்து வெளியேறி ஐரோப்பாவில் இருந்த நூற்றுக்கணக்கான அகதிகளைப் பேட்டி கண்டார்கள். வேலை, குடும்பம், படிப்பு என்று சாதாரண விஷயங்களைக் கேட்டார்கள். வரலாற்றாசிரியர்கள் இன்றும் அந்தப் பதிவுகளைப் புரட்டுகிறார்கள். திருப்பதியிலோ வேலூரிலோ படிக்கும் ஒரு மாணவர், எழுபது தாண்டிய இருபது வாசகர்களிடம் அதே மாதிரிக் கேட்டால் போதும். அந்தக் கட்டுரை எந்தப் பரிசுக்கும் போகலாம் என்பது என் கட்சி.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். போடாதீர்கள். முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாங்கியவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். நான் கேட்கவில்லை.