கலங்கல் கடலும் நம்பகமான கேமராவும்

1

போன கோடையில் போலகத்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன், பிரான்சில் பிறந்து வளர்ந்தவன், என்னிடம் கேட்டான்: "மாமா, தண்ணிக்குள்ள படம் எடுக்க நம்பி வாங்குற மாதிரி கேமரா எது?" அடுத்த விடுமுறைக்கு ரெயூனியன் தீவுக்குப் போகிறானாம். மூச்சுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு, குப்புற மிதந்தபடி பவளப்பாறை பார்ப்பதுதான் அங்கே பொழுது. கையில் இருந்த பழைய கேமராவைக் காரைக்கால் கடலில் முக்கிப் பார்த்தான். திரையில் பச்சையும் பழுப்புமாக ஒரே கலங்கல். "கெட்டுப்போச்சு மாமா" என்றான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்: "அது நல்லாத்தான் இருக்கு தம்பி. நம்ம கடல்தான் இப்புடி."

'நம்பகம்' என்ற சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உள்ளே தண்ணீர் புகாதிருக்குமா என்பது ஒன்று. அது காட்டுவதை நம்பலாமா என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பொறியியல் பதில் கண்டுவிட்டது. இரண்டாவதற்குக் கடைக்காரன் பதில் சொல்ல முடியாது. யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்க விரும்புகிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதோடு பின்னிக் கிடக்கும் கேள்வி அது. அதனால்தான் இதை ஒரு வரலாறாகப் பேச வேண்டியிருக்கிறது.

2

1856இல் இங்கிலாந்தின் வேமத் கடலோரத்தில் வில்லியம் தாம்சன் என்ற வழக்கறிஞர், கேமராவை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கயிற்றில் கட்டி இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மங்கலாக ஒரு படம் மிஞ்சியது. நீரடிப் புகைப்படத்தின் கதை ஒழுகலில்தான் தொடங்குகிறது. 1893இல் பிரான்சின் தென்கோடியில், பான்யூல்ஸ் கடலாய்வுக்கூடத்தில், லூயி பூத்தான் என்ற உயிரியலாளர், தன் சகோதரர் வடிவமைத்த பெட்டியோடு மூழ்குடை அணிந்து இறங்கினார். ஒரு படத்துக்கு அரைமணி நேரம்கூட வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது. அந்த அரைமணி நேரமும் அசையாமல் இருக்கிற பொருளைத்தான் அந்தக் கேமராவால் 'பார்க்க' முடியும்.

1943இல் கூஸ்தோவும் எமில் கான்யானும் செய்த மூச்சுக்கருவி மனிதனைக் கயிற்றிலிருந்தும் காற்றுக்குழாயிலிருந்தும் விடுவித்தது. ஆனால் காசு கொடுத்தவர்களிடமிருந்து விடுவிக்கவில்லை. 1954இல் கூஸ்தோவின் கலிப்ஸோ கப்பல் பாரசீக வளைகுடாவில் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்துக்காகக் கடலடியை ஆராய்ந்தது. (அதே ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் காரைக்காலின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது.) அவருடைய 'மௌன உலகம்' 1956இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையை வெடி வைத்துத் தகர்க்கிற காட்சி அதில் இருக்கிறது. கப்பல் ஆட்கள் சுறாக்களை வெட்டிக் கொல்கிற காட்சியும் இருக்கிறது. பார்வையும் ஆதிக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஆவணம் வேறு வேண்டியதில்லை.

கூஸ்தோவுக்காக ழான் த வூத்தெர்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் வடிவமைத்த 'கலிப்ஸோ' கேமரா 1960ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தது. தனிப்பெட்டி வேண்டாம், கேமராவின் உடம்பே நீர் புகாதது. 1963 முதல் ஜப்பானின் நிக்கான் அதை 'நிக்கோனாஸ்' என்ற பெயரில் செய்து விற்றது. 2001 வரை அந்த வரிசை நீடித்தது. எண்ணெய்க்காரனும் விஞ்ஞானியும் படைவீரனும் கையாண்ட கருவி, விடுமுறைக்காரன் கழுத்தில் தொங்கும் பொருளானது இப்படித்தான்.

இந்தக் கருவிகள் எல்லாமே தெளிந்த நீரை முன்னனுமானமாகக் கொண்டவை. மத்தியதரைக் கடலும் செங்கடலும்தான் அவற்றின் பட்டறை. தெளிந்த நீரிலேயே முதல் சில மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு நிறம் வடிந்துபோகிறது. தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிகிறது. அரசலாறும் திருமலைராசனாறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிற நம்ம கடலில் கேட்கவே வேண்டாம். விளக்கு அடித்தால் மிதக்கும் துகள்தான் பளிச்சென்று திரும்புகிறது, பொருள் இருட்டில் கிடக்கிறது. இங்கே கடலடியை அறிந்தது கண்ணால் அல்ல, கையால். வலை எங்கே சிக்குகிறது, கயிற்றில் கட்டிய குண்டு எந்த மண்ணைத் தொடுகிறது என்ற தொடுகை அறிவு அது. 'சுற்றுலாக் கடல்' என்ற வகைப்பாட்டுக்குள் இந்தக் கடலும் வராது, இந்த அறிவும் வராது.

3

மன்னார் வளைகுடா தெளிந்த நீர்தான். அங்கே ஈராயிரம் ஆண்டுகளாகக் கடலடியைக் கண்ணால் பார்த்துவந்தவர்கள் முத்தும் சங்கும் குளித்தவர்கள். கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் இறங்கி, சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அவர்களுக்கு 'நம்பகம்' என்றால் கயிறு பிடித்தவன் கைதான். 1906இல் இலங்கைப் பக்கத்துச் சிப்பிப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டது காலனிய அரசு. சில ஆண்டுகளிலேயே சிப்பியும் இல்லை, கம்பெனியும் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. கேமரா விற்பனைக்கு வந்த காலமும், குளித்தவர்களின் தொழில் செத்த காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. பான்யூல்ஸில் படமெடுத்த அதே பூத்தான் பிற்காலத்தில் முத்தைப் பற்றி 1925இல் ஒரு பெரிய நூலே எழுதினார். முத்தெடுத்தவன் நீருக்குள் என்ன பார்த்தான் என்பதற்கு அவன் எடுத்த படம் எதுவும் நம்மிடம் இல்லை.

4

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோனதைக் கரையில் நின்றே பார்க்கலாம். கேமராவை நனைக்க வேண்டியதில்லை. இன்னும் வடக்கே பூம்புகார். கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் அங்கே கடலுக்கடியில் தேடியது. 1993இல் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவ அமைப்பு ஒன்று பதிவானது. 2001இல் கிரஹாம் ஹான்காக் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் தொலைக்காட்சிக் குழுவோடு அதே இடத்தில் இறங்கினார். மறு ஆண்டு படம் ஒளிபரப்பானது. 11,000 ஆண்டுகளுக்கு முந்திய நகரம் என்றார். அந்தக் காலக்கணக்கு அமைப்பிலிருந்து எடுத்த பொருளால் வந்ததல்ல. 'இந்த ஆழம் எப்போது நிலமாக இருந்தது' என்ற கடல்மட்டக் கணிப்பால் வந்தது. நிலமாக இருந்த காலமும் கட்டடம் எழுந்த காலமும் ஒன்றென்று யார் சொன்னது?

நம்மவர்கள் பலர் அதை அள்ளிக்கொண்டார்கள். லெமூர் குரங்கின் பரவலை விளக்க 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் இட்ட பெயரைத் தமிழன் பூர்வீகமாக ஆக்கிக்கொண்ட மரபுக்கு, இப்போது 'வீடியோ ஆதாரம்' வேறு கிடைத்துவிட்டது. கலங்கல் நீரில் எடுத்த படத்தின் சிறப்பே இதுதான்: பார்க்க ஆசைப்படுகிறவன் ஆசையை அது தடுப்பதில்லை. மங்கலாகத் தெரியும் கல்லைச் சுவர் என்று நினைத்தால் சுவர். தமிழின் தொன்மையை நிறுவ மண்ணுக்கு மேலும் கீழும் உறுதியான சான்றுகள் இருக்கும்போது, இந்தக் கலங்கலை நம்பி நிற்பது நம் எதிரிகளுக்குத்தான் வசதி.

5

இதைவிடச் சங்கடமான ஒன்று உண்டு. கடலடியில் 11,000 வருஷத்து நகரத்தைத் தேடும் நாம், நேற்று அடித்தளத்தைச் சுரண்டிப்போன மடியின் தடத்தைப் பார்க்க விரும்புவதில்லை. இறால் ஏற்றுமதிக்காக வளர்க்கப்பட்ட விசைப்படகு இழுவைத் தொழில், தன் கரையோரத்தை வழித்தெடுத்த பின் பாக் நீரிணைக்குள் போனது. போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடுக்கப்பட்டிருந்த வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள் 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது, அவர்கள் வலைகளை அறுத்தது நம் பக்கத்துப் படகுகள். இலங்கை 2017இல் அடிமடி இழுவையைச் சட்டப்படி தடைசெய்தது. இலங்கைக் கடற்படையின் அடிதடியும் துப்பாக்கிச் சூடும் கண்டிக்கப்பட வேண்டியவையே. காரைக்கால் தொழிலாளிகளும் அதற்கு இரையாகியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்டனத்துக்குள்ளேயே முல்லைத்தீவுக்காரனின் அறுந்த வலையை மறைத்துவிடுவது என்ன அறம்? 'தொப்புள்கொடி உறவு' என்ற கதையாடல் மேடையில் எடுபடுகிறது, கடலடியில் எடுபடவில்லை.

பையனுக்கு நேரடியாகவே பதில் சொன்னேன். "நீ மேலாக மிதக்கிறவன். பத்து மீட்டர் ஆழம் தாங்குகிற சின்ன கேமராவே போதும். மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தில் ஒரு மணலோ முடியோ இருந்தாலும் தண்ணி உள்ளே போயிடும். அதைப் பார்த்து மூடு. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணியில ஊறவை. கைபேசியை நம்பாதே, அதைச் சோதிப்பது நல்ல தண்ணியில, உப்புத்தண்ணியில இல்ல. பொருளுக்குக் கிட்டப் போய் எடு, இடையில தண்ணி குறையக் குறையப் படம் தெளியும்."

பழசை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். ஒரு முழம் தள்ளி வைத்தால் கலங்கல் நீரிலும் தரை தெரிகிறது. அதைக் கயிற்றில் கட்டி, மடி இழுத்த தடத்தில் ஒன்றும் இழுக்காத இடத்தில் ஒன்றுமாக இறக்கிப் படமெடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு கரைச் சங்கங்களும் உட்கார்ந்து பார்க்கலாம். கயிற்றின் இந்த முனையை ஒரு காரைக்கால்காரனும் ஒரு மன்னார்க்காரனும் சேர்ந்து பிடித்திருக்க வேண்டும். அப்படி எடுத்த படத்தைத்தான் இரண்டு பக்கமும் நம்பும். நம் அமைப்புகள் இதற்கு முன்வருமா?