இருபத்தெட்டாம் கட்டம்: அமெரிக்கப் படைவிடுவிப்புச் சான்றில் காரணத்தை மாற்றக் கோருதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படைப்பணியிலிருந்து நீங்குவோருக்கு 'டிடி 214' என்னும் படிவம் தரப்படுகிறது. இது 1950 முதல் வழக்கில் உள்ளது. இன்றைய படிவத்தின் 24-ஆம் கட்டம் பணித்தரத்தைச் சொல்லும். எந்த விதியின்படி விடுவிப்பு என்பது 25-ஆம் கட்டத்திலும், அதற்குரிய மூன்றெழுத்துக் குறி 26-ஆம் கட்டத்திலும், மீண்டும் படையில் சேரத் தகுதி உண்டா என்பது 27-ஆம் கட்டத்திலும் இருக்கும். 28-ஆம் கட்டத்தில் விடுவிப்பின் காரணம் இரண்டு மூன்று சொற்களில் எழுதப்படும். பணிக்காலம் நிறைவு, தீய நடத்தை, ஆளுமைக் கோளாறு, போதைப்பொருள் என்று அது ஆளுக்கு ஆள் மாறும். இந்த 28-ஆம் கட்டத்தில் உள்ள சொற்களை மாற்றக் கோரும் உரிமையும் அந்த உரிமைக்கு இருக்கும் தடைகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

பணித்தரமும் காரணமும் ஒன்றல்ல. பணித்தரம் ஐந்து வகைப்படும். மதிப்புடையது, மதிப்பான சூழலில் பொதுவானது, மதிப்பற்ற சூழலிலானது ஆகிய மூன்றும் நிருவாக வழியில் தரப்படுபவை. தீநடத்தை விடுவிப்பையும் இழிவிடுவிப்பையும் படைநீதிமன்றம்தான் தண்டனையாக விதிக்க முடியும். காரணமோ பணியின் தரத்தைப் பற்றிய தீர்ப்பன்று. விதிமுறைப் பட்டியலில் உள்ள தலைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து எழுதுவது. எழுத்தருக்கு அது கோப்பை அடுக்குவதற்கான வகைப்பாடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவே அந்த மனிதரைப் பற்றிய உண்மை. நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்ற இடத்தில் என்ன எழுதுவார்களோ என்று கவலைப்பட்ட பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டமும் மறுஆய்வு நடைமுறையும் நெடுங்காலம் பணித்தரத்தையே முதன்மைக் கேள்வியாகக் கொண்டு, காரணத்தை அதன் வால்போல நடத்தி வந்தன. பலருக்கு உண்மையான தீங்கு வந்தது அந்த வாலிலிருந்துதான்.

இரண்டின் விளைவுகளும் வேறுபட்டவை. 2001 செப்டம்பருக்குப் பிந்தைய பணிக்கான கல்வி உதவிக்கு 'மதிப்புடைய' விடுவிப்பு வேண்டும், 'பொதுவானது' போதாது. இது 24-ஆம் கட்டத்தின் விளைவு. 28-ஆம் கட்டத்தின் விளைவு வேறு வழியில் வரும். படிவத்துக்கு இருவகைப் படிகள் உண்டு. சுருக்கப் படியில் பணித்தரமும் காரணமும் இரா; முழுப் படியில் எல்லாம் இருக்கும். வேலை தருவோரும் அரசு அலுவலகங்களும் பெரும்பாலும் முழுப் படியையே கேட்பார்கள். சுருக்கப் படியை மட்டும் நீட்டுபவர் எதையோ மறைக்கிறார் என்ற ஐயம் தானே எழும். மதிப்புடைய விடுவிப்புப் பெற்றவரும் இந்த இடத்தில் தப்ப முடியாது.

காரணத்தை மறைபொருளாக எழுதும் வழக்கம் பழையது. 1916 முதல் 1947 வரை நீலத்தாளில் அச்சிட்ட ஒரு விடுவிப்புச் சான்று இருந்தது. அது மதிப்புடையதும் அல்ல, இழிவானதும் அல்ல. ஆனால் தாளின் நிறமே செய்தியைச் சொல்லிவிடும். 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை இவ்வாறு 48,603 சான்றுகளை வழங்கியது. அவற்றுள் 10,806 கறுப்பினத்தவருக்குச் சென்றன. படையில் அவர்களின் பங்கு ஏறத்தாழ 6.5 விழுக்காடாக இருந்தபோது நீலத்தாளில் அது 22 விழுக்காட்டைத் தாண்டியது. ஒருபாலீர்ப்பினரும் இதே தாளுடன் வெளியேற்றப்பட்டார்கள். 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின இதழ் 1945-இல் இதற்கு எதிராக இயக்கம் நடத்தியது. மறு ஆண்டு நாடாளுமன்றக் கீழவைக் குழு ஒன்றும் இம்முறையைக் கண்டித்தது. நீலத்தாள் போனபின் எண்குறிகள் வந்தன. விடுவிப்புச் சான்றில் அச்சான அந்தக் குறிகளின் பொருள் வீரருக்குத் தெரியாது. வேலை தருவோர் சிலர் பட்டியலை வாங்கி வைத்திருந்தார்கள். இது வெளிப்பட்டபின் 1974-இல் வீரருக்குத் தரும் படிகளில் குறி இடுவதைப் பாதுகாப்புத் துறை நிறுத்தியது. பின்னர் வந்த படிவத்தில் குறி திரும்பவும் இடம்பெற்றது. முழுப் படியில் மட்டும் என்பதே மாற்றம்.

திருத்தம் கோரும் வழிகள் இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிறந்தன. 1944 ஜூனில் நிறைவேறிய போர்வீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் 301-ஆம் பிரிவு விடுவிப்பு மறுஆய்வுக் குழுக்களை அமைத்தது. அதுவரை, பதிவேட்டில் பிழை இருந்தால் தொகுதி உறுப்பினரைப் பிடித்துத் தனிச் சட்ட முன்வடிவு கொண்டுவருவதே வழி. அத்தகைய முன்வடிவுகளைத் தடைசெய்த 1946-ஆம் ஆண்டுச் சட்டம், அவற்றுக்கு ஈடாகப் படைப்பதிவுத் திருத்தக் குழுக்களுக்கு இடம் தந்தது.

இரண்டு குழுக்களும் இன்றும் உள்ளன. விடுவித்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் 'டிடி 293' படிவத்தில் மறுஆய்வுக் குழுவை நாடலாம். முறைமை, நியாயம் என்னும் இரண்டு அளவுகோல்களால் அது விடுவிப்பை அளக்கும். பொதுப் படைநீதிமன்றம் விதித்த விடுவிப்பை அது தொடாது. திருத்தக் குழுவுக்கு 'டிடி 149' படிவம். அதில் அமர்வோர் படைத்துறையின் குடிமைப் பணியாளர்கள்; அவர்கள் தேடுவது 'பிழை அல்லது அநீதி'. பிழை தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு என்பது அங்கே கெடு. நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தலாம். இரண்டு குழுக்களிலும் மனுதாரர் முன் நிற்கும் பெரிய தடை, அரசு தன் கடமையை முறைப்படியே செய்திருக்கும் என்ற ஊகம். அதை உடைக்கும் சான்றை அவரே கொண்டுவர வேண்டும். சான்றோ பெரும்பாலும் அவர் விட்டுவந்த அலுவலகத்தின் கோப்பில்தான் இருக்கும்.

இந்த ஊகத்துக்கு எல்லை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1958-இல் ஹார்மன் எதிர் ப்ரக்கர் வழக்கில் காட்டியது. படையில் சேருமுன் மனுதாரர்களுக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட அரசியல் தொடர்புகளைக் காட்டித் தரைப்படை அவர்களுக்குத் தாழ்ந்த விடுவிப்பு தந்திருந்தது. பணிக்காலப் பதிவை வைத்தே விடுவிப்பின் தரத்தை முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் அத்தீர்ப்பு தொட்டது தரத்தை. காரணம் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியின் முழுக் கனத்தையும் காட்டியது 'ஆளுமைக் கோளாறு' என்ற காரணம். ஜே.எஃப்.எக்ஸ். என்பது அதன் குறி. இதன் பேரில் வெளியேற்றப்பட்டோரின் பணித்தரம் பெரும்பாலும் 'மதிப்புடையது' அல்லது 'பொதுவானது'. தரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதில் குறை தெரியாது. ஆனால் ஆளுமைக் கோளாறு இளமையிலேயே வேர்கொள்வது என்பது மருத்துவ வரையறை. ஆகவே அது பணிக்கு முந்தியது, போரால் வந்ததன்று என்ற முடிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர் நலத்துறையின் விதியும் ஆளுமைக் கோளாற்றை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்பதில்லை. சேரும்போது வாங்கிய ஊக்கத்தொகையில், பணியாற்றாத காலத்துக்கு உரியதைத் திருப்பிக் கேட்டதும் உண்டு. உடல், மனத் தகுதித் தேர்வில் தேறிச் சேர்ந்து, போர்முனைக்குப் போய் வந்த ஒருவரிடம், உனக்கு இது முன்பே இருந்தது என்று சொல்வதில் உள்ள முரண் வெளிப்படை. அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் 2008-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2001 நவம்பர் முதல் 2007 ஜூன் வரை ஏறத்தாழ 26,000 பேர் இக்காரணத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களுள் சுமார் 2,800 பேர் ஆப்கானிஸ்தான், இராக் போர்களுக்காக அனுப்பப்பட்டிருந்தவர்கள். பாலியல் வன்முறையைப் புகார் செய்தபின் இதே காரணத்தோடு வெளியேற்றப்பட்டோரின் மனுக்களும் பின்னர் குவிந்தன.

2007-இல் நாடாளுமன்றம் இதை விசாரித்தது. மறு ஆண்டு பாதுகாப்புத் துறை விதியை இறுக்கியது. போர்ப்பகுதியில் பணியாற்றியவரை இக்காரணத்தால் விடுவிக்க இன்னொரு மனநல வல்லுநரின் உறுதிப்பாடும் அந்தப் படையின் தலைமை மருத்துவரின் ஒப்புதலும் தேவை என்றாயிற்று. ஆளுமைக் கோளாறு விடுவிப்புகள் குறைந்தன. 'இணக்கக் கோளாறு' விடுவிப்புகள் கூடின. ஒரு தலைப்பை அடைத்தால் அடுத்த தலைப்பு வழியாகக் கோப்பு நகர்கிறது. காரணம் என்பது கண்டறியப்பட்ட உண்மையன்று, நிருவாகத்தின் வசதி என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வியட்நாம் தலைமுறையின் நிலை இன்னும் கடினம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980-இல். அமெரிக்கப் படைகள் வியட்நாமை விட்டு நீங்கியது 1973-இல். இடையிலும் முன்பும் வெளியேறியவர்களுக்கு அந்த நோயை எழுத மருத்துவரிடம் சொல்லே இல்லை. இருந்த சொற்கள் 'தகுதியின்மை', 'தீய நடத்தை' போன்றவை. அவர்கள் ஒரு வழக்கு தொடுத்த பின்னணியில், 2014 செப்டம்பர் 3-ஆம் நாள் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் வெளியிட்ட குறிப்பாணை, இத்தகைய மனுக்களைத் 'தாராள நோக்குடன்' பார்க்கும்படி திருத்தக் குழுக்களுக்குச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 25-இல் பாதுகாப்புத் துறை அதிகாரி கர்ட்டா வெளியிட்ட குறிப்பாணை மேலும் சென்றது. மன்னிப்புக்கு அல்லது தணிப்புக்கு இடம் தரும் நோயோ அனுபவமோ இருந்ததா, அது பணிக்காலத்தில் நேர்ந்ததா, அது உண்மையில் தவற்றைத் தணிக்கிறதா, விடுவிப்பை விட அது எடை கூடியதா என நான்கு கேள்விகளை அது வகுத்தது. மனுதாரரின் சொல்லே சான்றாகலாம் என்றது. இந்தக் கட்டுரையின் பொருளுக்கு முக்கியமான ஒரு வரையறையும் அதில் உண்டு: விடுவிப்பு என்ற சொல் பணித்தரத்தோடு காரணத்தையும் குறியையும் மீள்சேர்ப்புத் தகுதியையும் உள்ளடக்கும். வால் என்று ஒதுக்கப்பட்டது உடலோடு சேர்க்கப்பட்டது அங்கேதான்.

தேவை எவ்வளவு பெரிது என்பதை அதே ஆண்டில் பொறுப்புடைமை அலுவலகம் வெளியிட்ட கணக்கு காட்டியது. 2011 முதல் 2015 வரை தீய நடத்தைக்காக விடுவிக்கப்பட்ட 91,764 பேருள் 62 விழுக்காட்டினருக்கு, விடுவிப்புக்கு முந்திய ஈராண்டுக்குள் மன உளைச்சல், மூளைக்காயம் அல்லது தவறான நடத்தையோடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய வேறு சில நோய்கள் கண்டறியப்பட்டிருந்தன.

காரணம் தனித்துத் தீங்கு செய்யும் என்பதற்கு இன்னொரு தெளிவான களம் பாலீர்ப்பு. 'கேளாதே, சொல்லாதே' எனப்பட்ட கொள்கை 1993-இல் சட்டமாகி 2011 செப்டம்பர் 20-இல் முடிவுற்றது. அக்காலத்தில் வெளியேற்றப்பட்டோர் 13,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் 'மதிப்புடைய' விடுவிப்பே பெற்றனர். அவர்களின் 28-ஆம் கட்டத்திலோ அவர்களின் பாலீர்ப்பு அச்சாகியிருந்தது. சான்றைக் காட்டும்போதெல்லாம், முன்பின் அறியாதவரிடமும் அந்தரங்கத்தைச் சொல்ல வேண்டிய நிலை. கொள்கை முடிந்த அதே நாளில் பாதுகாப்புத் துறை அதிகாரி ஸ்டான்லி வெளியிட்ட குறிப்பாணை, தவறான நடத்தை முதலிய சுமைகள் இல்லாத மனுக்களில் காரணத்தைத் 'துறைச் செயலர் அதிகாரம்' என்றும் குறியை ஜே.எஃப்.எஃப். என்றும் மாற்றி, உடனே மீண்டும் சேரும் தகுதியும் தருவது வழக்கமாக வேண்டும் என்றது. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே மனுப்போட வேண்டும்.

2023-இல் பாதுகாப்புத் துறை தானாக முன்வந்து பழைய கோப்புகளைப் புரட்டத் தொடங்கி, 2024 அக்டோபரில் முடிவை அறிவித்தது. அந்த ஆய்வு நாடியது தாழ்ந்த பணித்தரம் பெற்றவர்களை. மதிப்புடைய விடுவிப்பும் வெளிப்படுத்தும் காரணமும் ஒருங்கே பெற்ற பெரும்பான்மையினர் அதன் வலைக்குள் வரவில்லை. தரத்தை முதன்மையாக்கிப் பார்க்கும் பழக்கம் நல்லெண்ணத்தோடு செய்த திருத்தத்திலும் தொடர்ந்தது. அவர்களுக்கு வழி திறந்தது நீதிமன்றம். 2023 ஆகஸ்டில் வடக்குக் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த குழுவழக்கு 2025-இல் உடன்படிக்கையில் முடிந்தது. சுமார் 35,000 பேரை உள்ளடக்கும் அந்த உடன்படிக்கைப்படி, மதிப்புடைய விடுவிப்புப் பெற்றவர் முழு விசாரணையின்றிக் காரணத்தை நீக்கிப் புதிய படிவம் பெறலாம்.

காரணம் மாறியபின் என்ன என்ற கேள்வியில் சட்டம் இன்னும் நிலைபெறவில்லை. ஆளுமைக் கோளாறு என வெளியேற்றப்பட்ட வியட்நாம் காலக் கடற்படை வீரர் ஒருவர், தம் பதிவு போரால் வந்த மன உளைச்சல் என்று மாறி மருத்துவ ஓய்வு கிடைக்க வேண்டும் எனக் கோரினார். அவ்வகைக் கோரிக்கைக்கும் தாராள நோக்கு பொருந்தும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் தீர்த்தது. மறு ஆண்டு ஏப்ரலில் பாதுகாப்புத் துறை விடுத்த குறிப்பாணை விசாரணையை இரண்டாகப் பிரித்தது: காரணத்தை மாற்றும் கட்டத்தில் தாராள நோக்கு, பணித்தகுதி இழந்தாரா என்ற அடுத்த கட்டத்தில் அது இல்லை. இந்தப் பிரிவினை ஏற்கத்தக்கதன்று. அந்த வீரருக்கு நேர்ந்த தீங்கு சொல்லில் மட்டும் இல்லை. அந்தச் சொல் அடைத்துவிட்ட மருத்துவப் பரிசோதனையிலும் உண்டு. ஒரே கோப்பை ஒரு கண்ணால் பரிவோடும் மறு கண்ணால் ஐயத்தோடும் படிக்கச் சொல்வது, திருத்தத்தைப் பெயரளவில் நிறுத்துவதாகும்.

மாற்றாகத் தரப்படும் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. 'துறைச் செயலர் அதிகாரம்' எதையும் சொல்லாத சொல். அதுவே அதன் பயன். எல்லாத் திருத்தங்களுக்கும் அதே சொல் இடப்பட்டால், நீலத்தாள் போல, எண்குறி போல அதுவும் அறிந்தவர் கண்ணுக்கு அடையாளமாகிவிடும். 'பணிக்காலம் நிறைவு' போன்ற பொதுவான காரணத்தை உரிய இடங்களில் எழுதுவது மேலானது. பழைய படிவத்தோடு 'டிடி 215' என்னும் திருத்தத்தாளை இணைக்கும் முறையும் குறையுடையது. எது அழிக்கப்பட்டது என்பதை அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். புதிய 214 வழங்குவதே முழுத் திருத்தம்.

பொறுப்பு யாருடையது என்பதில் இம்முறை இன்றும் பின்தங்கியே உள்ளது. தலைப்பைத் தேர்ந்தது அரசு. கொள்கை தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டதும் அரசு. ஆயினும் படிவம் நிரப்பி, சான்று தேடி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர் முன்னாள் வீரர். ஒரு காரணம் ஏற்கத்தகாதது என்று அரசே அறிவித்த வகைகளில், மனு இல்லாமலே பதிவை மாற்றும் கடமையைச் சட்டம் படைத்துறை மீது சுமத்த வேண்டும். இப்போதைய நடைமுறையில் உடன்படிக்கையும் குறிப்பாணைகளும் மனுச் செய்தவருக்கே பயன்படுகின்றன. மனுச் செய்யாதவரின் 28-ஆம் கட்டத்தில் பழைய சொற்களே இருக்கின்றன.