மார்பகப் புற்றுநோய்: சிகிச்சைக்குப் பின் யாருக்கு அபாயம் அதிகம்?

ஆக்லாந்து நகர மருத்துவமனையில் சிகிச்சை முடித்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, இனிப் பயமில்லை என்று சொல்லும் பெண்கள் நம்மிடையே உண்டு. அது அவரவர் நோயின் வகையைப் பொறுத்தது.

கட்டியின் அளவு, அக்குள் நிணநீர் முடிச்சுகளின் பாதிப்பு, புற்றணுக்களின் தீவிரம், ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 ஆகியவையே முக்கிய அபாயக் காரணிகள். இந்த ஏற்பிகள் எதுவுமில்லாத வகை திரும்பினால், பெரும்பாலும் முதல் ஐந்தாண்டுகளில் திரும்பும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள வகை 20 ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

2017இல் வெளியான பெரிய ஆய்வு, ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சை முடித்தவர்களை ஆராய்ந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் பிற உறுப்புகளுக்கு நோய் பரவும் வாய்ப்பு, முடிச்சுகள் பாதிக்கப்படாத சிறிய கட்டிக்கு 13 சதவீதம். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேலிருந்து, நான்கு முதல் ஒன்பது முடிச்சுகளும் பாதிக்கப்பட்டிருந்தால் 41 சதவீதம்.

ஆகவே டாமொக்சிஃபென் போன்ற மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மேமோகிராம் மார்பகத்தை மட்டுமே காட்டும். ஓயாத எலும்பு வலி, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, விடாத தலைவலி இருந்தால் 'வாயு' என்று தள்ளிவிடாமல் குடும்ப மருத்துவரிடம் செல்லுங்கள். ஆங்கிலம் தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; நியூசிலாந்தில் அது நோயாளியின் உரிமை.